மூன்று நாள் அங்கன்வாடிப் பயிற்சி: போகலாமா?

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். மையத்தில் நானும் ஓர் உதவியாளரும்தான். 'போஷண் பீ, படாயீ பீ' (ஊட்டச்சத்தும் கல்வியும்) என்ற பெயரில் நாடு முழுவதும் எங்களைப் போன்ற பணியாளர்களுக்கு நடக்கும் மூன்று நாள் பயிற்சியை அண்மையில் முடித்தேன். இன்னும் போகாத பக்கத்து ஊர்ப் பணியாளர்கள், "போனால் ஏதாவது கிடைக்குமா டீச்சர்? மூன்று நாளும் ஆயா தனியாக அல்லவா சமாளிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், இத்தகைய பயிற்சிகளைத் திட்டமிடுகிறவர்கள் படிக்கட்டும் என்பதற்காகவும் இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போங்கள். பாடத்திட்டம் நன்றாக இருக்கிறது. இரண்டாம் நாள் மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு ஒருவரை மட்டும் அழைத்துச் சொல்லிக்கொடுத்து, அதற்குப் பிறகு மையத்துக்கு வந்து யாரும் பார்க்காமல் விட்டால், கற்றதில் பாதி கூட நிற்காது.

இந்த வேலையைப் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,439 மையங்கள் இருக்கின்றன. கருவுற்ற பெண், பாலூட்டும் தாய், கைக்குழந்தை, ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் என்று ஊரில் எல்லோருடைய பெயரும் எங்கள் பதிவேட்டில் இருக்கும். எடை எடுக்க வேண்டும், சத்துமாவு வழங்க வேண்டும், மதிய உணவு போட வேண்டும், முன்பருவக் கல்வி நடத்த வேண்டும், வீடு பார்வைக்குப் போக வேண்டும், தடுப்பூசி நாளில் கிராம சுகாதார செவிலியருக்கு ஆள் திரட்டிக்கொடுக்க வேண்டும். 2021 முதல் இவை அனைத்தையும் போஷண் டிராக்கர் செயலியிலும் ஏற்ற வேண்டும். 2022 ஏப்ரலில் பணிக்கொடை வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இது பகுதிநேர வேலை என்ற வாதத்தை ஏற்க முடியாது, இது முழுநேரப் பணி என்று கூறியது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. முழுநேரப் பணி என்றால் அதற்கு உரிய பயிற்சியும் வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023 மே 10 அன்று இந்தப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அங்கன்வாடி சோறு போடும் இடம் மட்டும் அல்ல, நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரம் தரமான முன்பருவக் கல்வி நடக்கும் இடமாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். முதலில் திட்ட அலுவலர்களும் மேற்பார்வையாளர்களும் இரண்டு நாள் கற்று முதன்மைப் பயிற்றுநர்கள் ஆகிறார்கள். பிறகு அவர்கள் எங்களுக்கு மூன்று நாள் கற்றுக்கொடுக்கிறார்கள். 2024 மார்ச்சில் வெளியான இரண்டு பாடத்திட்டங்களை வைத்துத்தான் வகுப்பு நடக்கிறது. பிறந்தது முதல் மூன்று வயது வரைக்கும் 'நவசேதனா', மூன்று முதல் ஆறு வயது வரைக்கும் 'ஆதார்சிலா'.

எங்கள் அணியில் முதல் நாள் பெரும்பாலும் ஊட்டச்சத்தும் வளர்ச்சிக் கண்காணிப்பும். பழைய ஆட்களுக்குத் தெரிந்த செய்திதான் என்றாலும், அளக்கும் முறையைக் கையில் கருவியைக் கொடுத்துச் செய்ய வைத்தது நல்ல ஏற்பாடு. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைப் பலகையில் படுக்க வைத்து நீளம் அளக்க வேண்டும். அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். இரண்டுக்கும் 0.7 சென்டிமீட்டர் வேறுபாடு வரும் என்பதால், நிற்க மறுக்கும் இரண்டரை வயதுப் பிள்ளையைப் படுக்க வைத்து அளந்தால் அந்த அளவைக் கழிக்க வேண்டும். இடது கையின் மேற்புறத்தில் தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடுப்புள்ளியைக் குறித்த பிறகே நாடாவைச் சுற்ற வேண்டும். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால் கடுமையான மெலிவு; நாடாவில் அது சிவப்புப் பகுதி, அதற்கு அடுத்தது மஞ்சள். அந்தக் குழந்தையை அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நாடாவை இறுக்கிப் பிடித்தால் ஒரு குழந்தை வீணாகச் சிவப்பில் விழும், தளர்த்திப் பிடித்தால் காப்பாற்ற வேண்டிய ஒரு குழந்தை மஞ்சளில் ஒளிந்துகொள்ளும் என்று பயிற்றுநர் சொன்னார். இந்த ஒரு வாக்கியம் போதும், நாடாவை எடுக்கும்போதெல்லாம் கை தானாக நிதானமாகிவிடும்.

நீளம் அளக்கும் பயிற்சியில் ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்டினார்கள். ஒருவர் தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் முழங்காலை மெதுவாக அழுத்திப் பாதத்தில் நகரும் பலகையைச் சேர்க்க வேண்டும். தனியாளாகச் செய்யவே கூடாது என்று அழுத்திச் சொன்னார்கள். அப்போதே எனக்கு நெஞ்சில் ஒரு கேள்வி எழுந்தது. எங்கள் மையத்தில் தலையைப் பிடிக்கப்போகிற அந்த இன்னொருவர் இந்த மண்டபத்தில் இல்லையே. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இரண்டாம் நாளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நவசேதனா என்பது 36 மாதங்களுக்கு வகுத்த ஒரு நாட்காட்டி. 140 செயல்பாடுகள் வயதுவாரியாக இருக்கின்றன. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை மையத்துக்கு வருவதில்லை, வீட்டில்தான் இருக்கிறது. எனவே அங்கே நம் மாணவர் குழந்தை அல்ல, குழந்தையை வளர்ப்பவர். நாங்கள் இதுவரை வீடு பார்வைக்குப் போனால் என்ன செய்தோம்? சத்துமாவு தீர்ந்துவிட்டதா, தடுப்பூசி போட்டாயிற்றா, எடை எடுக்க வருவீர்களா என்று கேட்டோம்; கையொப்பம் வாங்கினோம்; வந்துவிட்டோம். குழந்தையோடு பேசுகிறீர்களா என்று கேட்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம் கிடையாது.

அன்று வகுப்பு எடுத்தவர் வேறு வட்டாரத்திலிருந்து வந்த ஒரு மேற்பார்வையாளர். மூளை வளர்ச்சி பற்றிய படங்களைச் சீக்கிரமாக முடித்துவிட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். "உங்கள் ஊரில் குழந்தையைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். எங்கள் பகுதியில் நூற்பாலைகள் அதிகம். தாய்மார்கள் ஷிப்ட் முறையில் வேலைக்குப் போகிறார்கள். ஆலை வேன் விடியற்காலையிலேயே வந்து நிற்கும். குழந்தை பாட்டியிடம்தான் வளர்கிறது. பெரும்பாலானோர் பாட்டி என்றுதான் சொன்னோம். "அப்படியானால் இன்று நாம் அம்மாவிடம் பேசிப் பழக வேண்டாம், பாட்டியிடம் பேசிப் பழகுவோம்" என்றார். அச்சிட்ட தாளில் இருந்த உரையாடல் தாய்க்கானது. அவர் அந்த இடத்திலேயே அதை மாற்றினார். நல்ல பயிற்றுநர் யார் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

எங்களில் ஒருவர் பாட்டியாக உட்கார்ந்தார், இன்னொருவர் பணியாளராக வந்தார். பாட்டியாக நடித்தவர் உண்மையிலேயே பேரன் பேத்தி எடுத்தவர், விடவில்லை. "நான் ஆறு பிள்ளை வளர்த்தவள். எனக்கு நீ விளையாட்டுச் சொல்லித்தருகிறாயா?" என்று கேட்டார். பணியாளராக நின்றவர் தாளைப் பார்த்துப் படிக்கத் தொடங்கியதும் பயிற்றுநர் நிறுத்தினார். பாட்டிக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள் என்றார். குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய் என்று விரல் விரலாக ஊட்டி, கடைசியில் அக்குள் வரை விரலை நடத்திச் சிரிக்க வைக்கும் விளையாட்டு எந்தப் பாட்டிக்குத் தெரியாது? அதில் தொடுதல் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது, குழந்தை சிரித்ததும் பாட்டி மறுபடியும் தொடங்கும் பதில் வினை இருக்கிறது. நவசேதனா கேட்பது இதைத்தான். பாட்டியிடம் போய், "நீங்கள் செய்கிற இந்த விளையாட்டு குழந்தையின் மூளைக்கு நல்லது, ஒரு நாளைக்கு ஒருமுறை செய்வதை மூன்று முறை செய்யுங்கள்" என்றால் அவர் நம்மைத் திண்ணையில் உட்கார வைப்பார். "டிவியை நிறுத்துங்கள், செல்போனைக் கொடுக்காதீர்கள்" என்று தொடங்கினால் வாசலோடு அனுப்பிவிடுவார்.

செல்போன் விஷயத்திலும் அவர் காட்டிய வழி எனக்குப் பிடித்தது. தடை சொல்வதை விட, கையில் வேலை இருக்கும்போது குழந்தையை எப்படி ஈடுபடுத்துவது என்று சொல்லிக்கொடுங்கள் என்றார். சின்ன வெங்காயம் உரிக்கும்போது ஒரு வயதுக் குழந்தையின் முன் இரண்டு தட்டு வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு முருங்கைக்காய்த் துண்டுகளை மாற்ற விடலாம். துணி மடிக்கும்போது இது யார் சட்டை, இது என்ன நிறம் என்று பேசலாம். வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிறிய பொருள் எதுவும் கூடாது என்ற எச்சரிக்கையையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே சொன்னார். ஊருக்குத் திரும்பிய வாரத்தில் இதே போன்று ஒரு வீட்டில் பேசினேன். அந்தப் பாட்டி இப்போது என்னைப் பார்த்ததும் பேத்தி புதிதாகச் சொன்ன சொற்களை எண்ணிச் சொல்கிறார். மூன்று நாளில் இந்த ஒரு வகுப்புக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

மூன்றாம் நாள் ஆதார்சிலா. 48 வாரங்களுக்கான திட்டம். காலையில் சுதந்திர விளையாட்டு, பிறகு வழிகாட்டிய செயல்பாடு, உணவு, ஓய்வு, வெளி விளையாட்டு என்று நாள் ஒழுங்கு தெளிவாக இருக்கிறது. தமிழ்நாட்டுப் பணியாளர்களுக்கு இது முற்றிலும் புதிது அல்ல. மாதம் ஒரு கருப்பொருள் என்று 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தை நாம் ஏற்கெனவே நடத்தி வருகிறோம். இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று பலர் கேட்டோம். கருப்பொருள் நம்முடையதாகவே இருக்கட்டும், நாள் ஒழுங்கை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. நடைமுறைக்கு ஒத்துவரும் பதில்தான், ஆனால் அதை ஒரு வாரத் திட்டமாக எழுதிப் பார்க்க நேரம் கொடுத்திருக்கலாம்.

அன்று பிற்பகல் மாற்றுத்திறன் குழந்தைகள் பற்றிய பகுதி. 2023 நவம்பரில் வெளியான அங்கன்வாடி நெறிமுறையை ஒட்டியது. வயதுக்கு ஏற்ற வளர்ச்சிப் படிகள், எதைக் கண்டால் கவனிக்க வேண்டும், யாரிடம் அனுப்ப வேண்டும், அனுப்பிய பிறகு மையத்தில் அந்தக் குழந்தையை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று நான்கும் இருந்தன. ஆண்டுக்கு இருமுறை மையத்துக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவுக்காகக் காத்திருக்காமல், சந்தேகம் வந்ததும் செவிலியரிடம் சொல்ல வேண்டும் என்றார்கள். இதற்கு ஒரு மணி நேரம் கூட ஒதுக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத ஒரு பிள்ளையின் தாயிடம் அதை எப்படிச் சொல்வது? அக்கம்பக்கத்தில் பேச்சாகாமல் எப்படிச் சொல்வது? மாமியார் கூடவே இருக்கும்போது என்ன செய்வது? பாட்டியிடம் பேசுவதை நடித்துப் பார்த்தது போல் இதையும் நடித்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பணியாளரின் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம், அந்தக் குடும்பம் மருத்துவமனைக்குப் போகுமா, கதவை அடைத்துக்கொள்ளுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை எங்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

மண்டபத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. ஓர் அணியில் நூறு பேர் அளவில் இருந்தோம். பின்வரிசையில் ஒலி கேட்கவில்லை. காட்டிய வீடியோக்களில் சில இந்தியில் இருந்தன. பயிற்றுநர் நடுவில் நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கையேடு கறுப்பு வெள்ளை நகலாக வந்ததால், நிறத்தை வைத்துப் படிக்க வேண்டிய வளர்ச்சி அட்டையில் எது பச்சை, எது சிவப்பு என்று தெரியவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சுவையாகவும் இருந்தது. பாலூட்டும் பணியாளர்கள் இருவர் வந்திருந்தார்கள்; அவர்களுக்கு ஒதுக்கமாக ஓர் அறை கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. குழந்தைகளுக்கான பயிற்சியில் அது கேட்காமலே கிடைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, வகுப்பு நடக்கும்போதே செயலியில் மதியத்துக்குள் பதிவு ஏற்றும்படி செய்திகள் வந்துகொண்டே இருந்தன. பாதிப் பேர் தலை கவிழ்ந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பயிற்சி நாட்களில் பதிவுக்கு விலக்கு கொடுப்பது ஒரு சுற்றறிக்கையால் முடிகிற காரியம்.

இப்போது உதவியாளர் விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் ஆயா என்று கூப்பிடுகிறோம். காலையில் முதலில் வந்து கூட்டி, தண்ணீர் பிடித்து, அடுப்புப் பற்றவைத்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வருகிறவர் அவர். நான் செயலிப் பதிவுக்காகக் கைப்பேசியில் முகங்களைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதும், கூட்டத்துக்குப் போயிருக்கும்போதும் பிள்ளைகளோடு இருப்பவர் அவர். சோறு ஊட்டுவது, மூக்கைத் துடைப்பது, கழிவறைக்குப் போகப் பழக்குவது, அழுகிற பிள்ளையைத் தூக்கிச் சமாதானம் செய்வது எல்லாம் அவர்தான். இந்தப் பாடத்திட்டம் பேச்சு, தொடுதல், பொறுமை என்று எதையெல்லாம் வலியுறுத்துகிறதோ அதில் பெரும்பகுதி அவர் கையில்தான் நடக்கிறது. எங்கள் அணிக்கு ஒரு உதவியாளருக்குக்கூட அழைப்பு இல்லை.

ஊர் திரும்பியதும் எங்கள் ஆயாவோடு உட்கார்ந்து பலகையில் நீளம் அளப்பதைச் செய்து காட்டினேன். ஒரே முறையில் பிடித்துக்கொண்டார். குழந்தை கால் உதைக்காமல் இருக்க எப்போது அளக்கலாம் என்று அவரே யோசனை சொன்னார்: பால் குடித்து முடித்ததும், தாயின் முகம் தெரியும்படி பலகையைத் திருப்பி வைத்து. இப்போது அப்படித்தான் செய்கிறோம். அந்த மண்டபத்தில் அவர் இருந்திருந்தால் நூறு பேருக்கும் இது கிடைத்திருக்கும்.

பயிற்சிக்குப் பிறகு என்ன என்பது அடுத்தது. பணியில் சேர்ந்தபோது எங்களுக்கு 26 நாள் பணிப் பயிற்சி இருந்தது. பக்கத்து மையத்துக்கு அழைத்துப் போய், உண்மையான பிள்ளைகள் முன் நிறுத்தி, பின்னால் உட்கார்ந்து ஒருவர் கவனிப்பார். மாலையில் எது சரி, எது வேண்டாம் என்று சொல்வார். அது பயமாகவும் இருந்தது, கற்றுக்கொடுக்கவும் செய்தது. 2018இல் போஷண் அபியான் என்ற தேசிய ஊட்டச்சத்து இயக்கம் வந்தபோது 21 தலைப்புகளைப் பிரித்து, ஒரு மேற்பார்வையாளருக்குக் கீழ் உள்ள மையங்கள் கூடும் செக்டார் கூட்டத்தில் மாதம் கொஞ்சமாகச் சொல்லி, அடுத்த கூட்டத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்கும் முறையும் இருந்தது. சிறிது கற்று, செய்து பார்த்து, திரும்பி வந்து பேசுவதுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தும் முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த மூன்று நாள் பயிற்சியின் முடிவில் சான்றிதழ் தந்தார்கள். எங்கள் பகுதியில் அதன் பிறகு மையத்துக்கு வந்தவர்கள் பதிவேட்டையும் பொருள் இருப்பையும் பார்த்தார்கள். ஒரு செயல்பாட்டை நடத்திக் காட்டுங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மேற்பார்வையாளர்களும் என்ன செய்வார்கள்? அவர்களுக்குக் கீழ் அத்தனை மையங்கள், அவர்களுக்கு மேல் அத்தனை அறிக்கைகள். ஆனால் வரும் அரை மணியில் பத்து நிமிடம் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து பார்த்தாலே போதும். அதற்குப் பணம் செலவாகாது.

போகப்போகிறவர்களுக்குச் சில யோசனைகள். முன்வரிசையில் உட்காருங்கள். உங்கள் மையத்து வளர்ச்சி அட்டையின் வண்ணப் பிரதியை எடுத்துப் போங்கள். உங்கள் பதிவேட்டில் உள்ள ஒரு குழந்தையை மனத்தில் வைத்துக்கொண்டு போய், அந்தக் குழந்தைக்காகவே கேள்வி கேளுங்கள். பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். மாற்றுத்திறன் குழந்தைகள் பகுதியை அவசரமாக முடித்தால், தாயிடம் பேசுவதை ஒருமுறை நடித்துக் காட்டச் சொல்லிக் கையைத் தூக்குங்கள். திரும்பி வந்ததும் கையேட்டை அலமாரியில் வைக்காமல் ஆயாவிடம் காட்டிப் பேசுங்கள்.

நடத்துகிறவர்களிடம் கேட்பது மூன்று. அணியை நாற்பது பேருக்கு மேல் வைக்காதீர்கள். பயிற்சி நாட்களில் செயலிப் பதிவை நிறுத்தி வையுங்கள். பகலில் மையத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் உதவியாளர்களை மூன்று நாளும் அழைக்க முடியாது என்றால், இரண்டாம் நாள் ஒரு நாளையாவது அவர்களுக்குத் தனி அணியாக நடத்துங்கள். எங்கள் செக்டார் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட்டு வட்டார அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். மற்ற செக்டார்களும் எழுதினால் அடுத்த சுற்றுக்கு முன்பே முடிவு வரலாம்.